அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்? நீலகிரியிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

உதகை நீதிமன்றங்களில் சில காலம் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தினேன். பதவிக்காலம் முடிந்து இப்போது மறுபடியும் சொந்தமாக வக்கீல் தொழில். ஆறு தாலுகா, மூன்று சட்டமன்றத் தொகுதி, அவ்வளவுதான் எங்கள் மாவட்டம். அரசு வக்கீல் பதவியைப் பற்றி யாரும் எதையும் கேட்கலாம் என்று சொன்னேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. இப்போது கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அவற்றை நான் தொடவில்லை.

குன்னூர், சட்டக் கல்லூரி மாணவர்: சார், ஜிபி, பிபி, ஏபிபி என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்? நான் எதற்குத் தயாராக வேண்டும்?

தம்பி, ஜிபி என்றால் அரசுக்காக சிவில் வழக்கு பார்ப்பவர். பிபி செஷன்ஸ் கோர்ட்டில் குற்ற வழக்கு நடத்துபவர். ஏபிபி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அதே வேலையைச் செய்பவர்.

பிபி ஆவதற்குக் குறைந்தது 7 வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். கலெக்டர், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து ஒரு பெயர்ப்பட்டியல் தயாரிப்பார். அதிலிருந்து அரசு நியமிக்கும். ஏபிபி பதவிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுத வேண்டும், அதற்கும் குற்றவியல் கோர்ட்டில் 5 வருஷத் தொழில் அனுபவம் கேட்பார்கள். நீதிபதி தேர்வு எழுதலாம் என்று நினைத்தாலும், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் 3 வருஷத் தொழில் அனுபவம் கட்டாயம் என்று மறுபடி கொண்டுவந்துவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் டிகிரி வாங்கிய கையோடு நாற்காலி கிடைக்காது. நல்ல சீனியர் ஒருவரிடம் சேர்ந்து, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் கற்றுக்கொள். வாய்தா வாங்குவது தானாக வந்துவிடும்.

கோத்தகிரி, தேயிலை விவசாயி: மறைக்காமல் சொல்லுங்கள் வக்கீல் சார், ஆளுங்கட்சிக்காரர்தானே அரசு வக்கீல் ஆகிறார்?

பெரும்பாலும் ஆமாம். ஆட்சி மாறினால் மாவட்டத்துக்கு மாவட்டம் பெயர்ப்பலகை மாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எனக்கும் கட்சித் தொடர்பே இல்லை என்று கதை விடமாட்டேன்.

ஆனால் சட்டம் இதை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. 1990-ல் உத்தரப் பிரதேச அரசு, மாநிலம் முழுக்க இருந்த மாவட்ட அரசு வக்கீல்கள் எல்லாரையும் ஒரே சுற்றறிக்கையில் நீக்கியது. ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இது பொதுப் பதவி, காரணமில்லாமல் மொத்தமாகத் தூக்கி எறிய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்காகப் பதவி நீட்டிப்பு உரிமை ஆகிவிடாது. அதை 2004-ல் ஜோஹ்ரி மல் வழக்கில் அதே கோர்ட் சொல்லிவிட்டது. 2016-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில், நியமனம் திறமை பார்த்து நடக்க வேண்டும் என்றது. தீர்ப்புகள் இருக்கின்றன, நடைமுறை இன்னும் அந்த மேட்டில் ஏறி வரவில்லை.

என் கணக்கு இதுதான். கட்சி வழியாக உள்ளே வருவதைத் தடுப்பது கஷ்டம். வந்த பிறகு பைலைப் படித்துவிட்டு, "இந்த வழக்கில் நமக்குப் பலம் இல்லை" என்று கலெக்டருக்கு எழுத்தில் கருத்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். அப்படி எழுதுபவர் எந்தக் கரைவேட்டி கட்டினாலும் எனக்குக் கவலையில்லை.

ஊட்டி, சமூக ஆர்வலர்: போராட்டத்தில் போட்ட வழக்குகளை "வாபஸ்" என்று அரசு அறிவிக்கிறது. ஆனால் கோர்ட்டில் வருஷக்கணக்கில் நிற்கிறதே?

அரசு அறிவித்தால் மட்டும் வழக்கு முடியாது. வாபஸுக்கு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 321-வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 360-வது பிரிவு. அந்தப் பிரிவுப்படி மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவர் பிபி அல்லது ஏபிபி. அரசாணை வந்தாலும், பைலைத் தன் சொந்த மூளையில் போட்டுப் பார்த்து, பொது நலனுக்கு வாபஸ் நல்லது என்று அவருக்கே தோன்ற வேண்டும். அதற்கப்புறம் கோர்ட் அனுமதிக்க வேண்டும். புதிய சட்டம் இன்னொரு படியும் சேர்த்திருக்கிறது: பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அனுமதிக்கக் கூடாது.

2021-ல் தீர்ப்பான கேரள சட்டசபை ரகளை வழக்கைப் பாருங்கள். நாற்காலி, மைக் எல்லாம் உடைத்த எம்எல்ஏக்கள் மீதான வழக்கை வாபஸ் வாங்க அரசே முயன்றது. உச்ச நீதிமன்றம் விடவில்லை. மேலே இருந்து போன் வரும்போது "ஐயா, கையெழுத்து என்னுடையது" என்று சொல்ல ஒரு பிபிக்குத் துணிவு தருவது அந்தத் தீர்ப்புதான். போன் வராது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பந்தலூர், பெண்ணின் தந்தை: என் மகள் வழக்கில் அரசு வக்கீல் எங்களிடம் பேசவே மாட்டேன் என்கிறார். நாங்களே ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம் அண்ணா. கோர்ட் அனுமதியோடு உங்கள் வக்கீல் பிபிக்கு உதவியாக இருக்கலாம், சாட்சி விசாரணை முடிந்ததும் எழுத்து மூலம் வாதம் கொடுக்கலாம். தனியாக எழுந்து நின்று சாட்சியைக் கேள்வி கேட்க முடியாது, 2019-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானால் அப்பீல் போக உங்களுக்கே உரிமை உண்டு. அரசு போகுமா என்று காத்திருக்கத் தேவையில்லை.

நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால், வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 4(5) என்று ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் கேட்டால், தேர்ந்த மூத்த வக்கீலை அரசுச் செலவில் கலெக்டர் அமர்த்தலாம். பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் பலருக்கு இது தெரியாது. எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்டால் பைலில் ஏறாது.

கூடலூர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பம்: தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிறோம். "செக்ஷன் 17 நிலம்" என்று பட்டாவும் இல்லை, கரண்டும் இல்லை. அரசு வக்கீல்கள் எங்களுக்கு எதிராகவே வாதாடுகிறார்களே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் சுமார் 80,000 ஏக்கர் நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம் போன்ற ஜன்மிகளிடம், அதாவது பரம்பரை நிலச்சுவான்தார்களிடம் இருந்தது. அவர்கள் எஸ்டேட் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். 1969-ல் தமிழக அரசு ஜன்ம ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதில் 17-ம் பிரிவு தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றியது. குத்தகை அரசின் கீழ் தொடரும், பொது நலனுக்கு வேண்டுமென்றால் அரசு அதை முடித்துக்கொள்ளலாம். எஸ்டேட்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1972-ல் உச்ச நீதிமன்றம், காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் செல்லாது என்றது. 1974-ல் அரசியல் சட்டத்தின் 34-வது திருத்தம் மூலம் இந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் போட்டார்கள். அதாவது, அடிப்படை உரிமையைக் காட்டி யாரும் கேள்வி கேட்க முடியாத பெட்டகத்தில். அது சரியா என்ற வழக்குதான் 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன ஐ.ஆர்.கோயல்ஹோ வழக்கு. 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அந்த அட்டவணையில் போட்ட எந்தச் சட்டத்தையும் கோர்ட் சோதிக்கலாம் என்றார்கள். நாட்டின் எல்லா சட்டக் கல்லூரியிலும் படிக்கும் தீர்ப்பு, வேர் கூடலூரில்.

இன்னொன்றும் அங்கிருந்தே. கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூரில் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லி 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு என்றால் காடுதான் என்றது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே வேறு வேலை கூடாது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். இலங்கையிலிருந்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்கள், கேரளத்திலிருந்து வந்தவர்கள், முன்பே இருந்த பழங்குடிகள் என எல்லாரும் இந்த இரண்டு வழக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். கோர்ட்டில் நிற்கும் ஜிபி பட்டா தர முடியாது, மறுக்கவும் முடியாது. வனத்துறை ஒன்று எழுதும், வருவாய்த்துறை வேறொன்று எழுதும், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே அரசாக அவர் பேச வேண்டும். நான் நின்றதிலேயே கஷ்டமான இடம் அதுதான். எதிர்த்தரப்பில் இருப்பவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டே, சட்டம் இருக்கிறபடி சொல்ல வேண்டும். தீர்வு சட்டசபையிலும் டெல்லியிலும் இருக்கிறது. கோர்ட்டில் கிடைக்கக்கூடியது முறையான நோட்டீஸ், விசாரணை இல்லாமல் யாரையும் காலி செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழங்குடியினருக்கு 2006 வன உரிமைச் சட்டம் தனி வழி, கிராம சபைத் தீர்மானத்தில் தொடங்க வேண்டும்.

மஞ்சூர், கடைக்காரர்: புறம்போக்கில் 12 வருஷம் இருந்தால் நம்முடையது என்கிறார்களே?

தனியார் நிலத்துக்கு 12. அரசு நிலத்துக்கு 30 வருஷம். அதுவும் அரசுக்குத் தெரிய, சொந்தக்காரன் என்ற தோரணையில் இருந்திருக்க வேண்டும். பி மெமோ (ஆக்கிரமிப்புக்கான அரசு நோட்டீஸ்) வாங்கி அபராதம் கட்டிவந்தவர், அந்த ரசீதையே காட்டி "நான் சொந்தக்காரன்" என்று வாதாடுவது கஷ்டம். கேஸ் போடுவதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் கலெக்டருக்கு அனுப்ப மறக்காதீர்கள்.

எருமாடு, ஆசிரியர்: அரசு ஏன் இவ்வளவு வழக்குகளில் தோற்கிறது?

வாதம் சரியில்லாமல் தோற்பது குறைவு. பதில் மனு போகாமல் தோற்பதுதான் அதிகம். சம்மன் கலெக்டர் ஆபீசுக்கு வரும். அங்கிருந்து ஆர்டிஓ, தாசில்தார், ஆர்ஐ, கடைசியில் விஏஓ. அவர் பாராவாரியாகக் குறிப்பு எழுதி, அதே ஏணியில் மேலே அனுப்ப வேண்டும். சட்டப்படி பதில் மனுவுக்கு 30 நாள், மிஞ்சினால் 90. பந்தலூரில் எழுதிய குறிப்பு ஊட்டிக்கு வந்து சேரும்போது, அரசுத் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருக்கும். மழைக்காலத்தில் நடுவட்டம் ரோட்டில் மரம் விழுந்தால் விஏஓவும் வரமாட்டார், அசல் பதிவேடும் வராது.

நல்ல ஜிபி பாதி நேரம் வக்கீலாக இருக்கமாட்டார், தாசில்தார் ஆபீஸ் கிளார்க்குக்கு போன் போடுபவராக இருப்பார். கௌரவம் பார்த்தால் இந்த வேலை ஆகாது.

கேத்தி, ஓய்வுபெற்ற ஊழியர்: சின்ன மாவட்டத்தில் எல்லாரும் சொந்தக்காரர்கள். எப்படிச் சமாளித்தீர்கள்?

ஹட்டியில் (படுகர் ஊரில்) சாவு வீட்டுக்குப் போனால், எதிரியின் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தட்டிக்கழிக்க முடியாது. நான் வைத்திருந்த வழக்கம்: வழக்கு பற்றிப் பேச்செடுத்தால் உடனே எழுந்துவிடுவது, நெருங்கிய உறவு என்றால் வழக்கையே வேறு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்துவிடுவது. கோபித்துக்கொண்ட சொந்தங்கள் உண்டு. ஒருவர் இன்னும் கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை.

குன்னூர், இளம் பெண் வக்கீல்: இந்தப் பதவிகளுக்குப் பெண்கள் ஏன் குறைவு சார்?

பட்டியல் தயாராகும் இடத்தில் உங்கள் பெயரைச் சொல்ல ஆள் இல்லாததால். வேறு காரணமும் இருக்கிறது அம்மா. 2023-ல் ஊட்டி புதிய கோர்ட் வளாகத்தில் பெண் வக்கீல்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்ற குறை உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதற்கே டெல்லி போக வேண்டிய ஊரில், பிபி நாற்காலி தானாக வந்து சேராது. ஏபிபி தேர்வை எழுதுங்கள். அதில் யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

கொடைக்கானல், விடுதி நடத்துபவர்: எங்களுக்கும் இதே நடைமுறைதானா?

சட்டம் ஒன்றுதான், பாதை வேறு. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதால் செஷன்ஸ் வழக்குக்கு மலை இறங்க வேண்டும், மேல்முறையீடு 2004-ல் தொடங்கிய மதுரைக் கிளைக்கு. நாங்கள் சென்னை போக வேண்டும். சுற்றுலா வண்டிகளுக்கான இ-பாஸ் மாதிரி விஷயங்களில் மட்டும் இரண்டு மலையும் ஒரே உத்தரவில் வரும். 2024 மே மாதம் அப்படித்தான் வந்தது.

கோத்தகிரி, ஜூனியர் வக்கீல்: பதவி முடிந்த பிறகு தொழில் எப்படி இருக்கிறது?

மெதுவாக. பதவியில் இருக்கும்போது அரசுக்கு எதிராக வக்காலத்து போட முடியாது. இந்த மாவட்டத்தில் நிலம், காடு, ரோடு என்று எல்லா வழக்கிலும் அரசு ஒரு பக்கம் இருக்கும். முன்பு என்னிடம் கேஸ் கொடுத்திருந்த கட்சிக்காரர்கள் அதற்குள் வேறு வக்கீல் பார்த்துவிட்டார்கள். நான் எதிர்த்து வாதாடிய சிலர்தான் இப்போது கேஸ் கட்டோடு வருகிறார்கள். நான் கையில் எடுத்த அதே பைல் என்றால் வாங்கமாட்டேன், மற்றதை வாங்குகிறேன். பீஸ் பில் பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேட்காதே.