பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன் பத்திரம்: கலிபோர்னியா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஏற்கெனவே சொத்து வரி கட்டுகிறோம். பள்ளியின் கூரையை மாற்றக்கூட ஏன் தனியாகக் கடன் வாங்கி, அதற்கும் எங்களிடமே வரி கேட்கிறார்கள்? (சான் ஹோசே வாசகர்)

1978 இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13 ஆம் முன்மொழிவு, அடிப்படைச் சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டோடு நிறுத்திவிட்டது. அந்த ஒரு விழுக்காட்டையும் கவுன்டி, நகரம், பள்ளிகள், பிற உள்ளாட்சி அமைப்புகள் எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. பள்ளிக்கு வரும் பங்கு பெரும்பாலும் சம்பளம், மின்கட்டணம் போன்ற அன்றாடச் செலவுகளிலேயே கரைந்துவிடுகிறது. அதற்கு மேல் கட்டடங்களுக்காகக் கடன் பத்திரம் வெளியிட்டு வரி விதிக்க வேண்டுமானால் மக்களிடம் வாக்குக் கேட்டே ஆக வேண்டும். 1986 முதல் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. 2000 இல் நிறைவேறிய 39 ஆம் முன்மொழிவு அதை 55 விழுக்காடாகக் குறைத்தது. அதற்கு ஈடாகச் சில நிபந்தனைகளையும் விதித்தது: செய்யப்போகும் பணிகளின் பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும், குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும், ஆசிரியர், நிர்வாகிகளின் சம்பளத்துக்கு இந்தப் பணத்தைத் தொடக்கூடாது.

மாநில அரசும் பணம் தருகிறது. 2024 நவம்பரில் நிறைவேறிய 2 ஆம் முன்மொழிவு 1,000 கோடி டாலர் கடனுக்கு வழிசெய்தது. அதில் 850 கோடி பள்ளிகளுக்கு உரியது. ஆனால் அது பொதுவாகப் பங்குப் பணமாகவே வருகிறது. புதிய கட்டடத்துக்குச் சுமார் பாதியும், பழையதைப் புதுப்பிக்க 60 விழுக்காடு அளவிலும் மாநிலம் தரும். வசதி குறைந்த பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகளுக்கு, சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். மீதியைப் போட உள்ளூரில் பணம் இல்லாத மாவட்டம், நிதி நெருக்கடியில் இருக்கும் மாவட்டங்களுக்கான உதவிக்குத் தகுதி பெற்றாலொழிய, அந்த வரிசையில் நிற்கவே முடியாது.

நாங்கள் வீட்டை 15 லட்சம் டாலருக்கு அண்மையில் வாங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் 1990களில் வாங்கியவர். பள்ளிக் கடனுக்கான வரி, சொத்து மதிப்பில் ‘ஒரு லட்சத்துக்கு 60 டாலர்’ என்றால் இருவருக்கும் ஒரே தொகையா? (ஃப்ரீமான்ட் வாசகர்)

இல்லை. வரிக்குக் கணக்கில் வருவது சந்தை விலை அன்று. வாங்கிய விலையின் மேல் ஆண்டுக்கு அதிகபட்சம் 2 விழுக்காடு ஏற்றிவரும் மதிப்பே. உங்களுக்கு ஆண்டுக்கு 900 டாலர் ஆகும். பக்கத்து வீட்டின் அத்தகைய மதிப்பு 5 லட்சம் என்றால் அவருக்கு 300 டாலர்.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. 55 விழுக்காடு வாக்கில் நிறைவேறும் கடனுக்கு, தொடக்கப்பள்ளி முதல் உயர்நிலைப்பள்ளி வரை ஒன்றாக நடத்தும் மாவட்டங்களில் 60 டாலர் வரம்பு; தொடக்கப்பள்ளிகளை மட்டும் அல்லது உயர்நிலைப்பள்ளிகளை மட்டும் நடத்தும் மாவட்டங்களில் 30 டாலர். ஆனால் அந்த வரம்பு, பத்திரங்களை விற்கும் நேரத்தில் செய்யப்படும் மதிப்பீட்டுக்கு உரியது. பின்னாளில் வட்டாரத்தின் மொத்தச் சொத்து மதிப்பு சரிந்தால், பத்திரம் வாங்கியவர்களுக்குத் தர வேண்டியதைத் தருவதற்காகக் கவுன்டி விகிதத்தை உயர்த்தியே தீர வேண்டும். மேலும், அந்த வரம்பு ஒவ்வொரு தேர்தலில் கேட்கப்படும் கடனுக்கும் தனித்தனியானது. பழைய கடன்களின் வரி அதனோடு சேர்ந்துகொண்டே போகும். உங்கள் சொத்து வரிச் சீட்டில் பள்ளி மாவட்டத்தின் பெயரில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.

பக்கத்து மாவட்டம் எங்களைவிடக் குறைந்த விகிதத்தில் வரி வாங்கி எங்களைவிடப் பெரிய வளாகங்களைக் கட்டுகிறது. எப்படி?

ஒரு மாணவருக்கு எவ்வளவு சொத்து மதிப்பு அந்த மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது என்பதே விடை. அலுவலக வளாகங்களும் விலையுயர்ந்த வீடுகளும் நிறைந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு 30 டாலர் வாங்கினாலே பெருந்தொகை சேரும். வேளாண் ஊர்களில் 60 டாலர் வாங்கினாலும் ஓரிரு கட்டடங்களைத்தான் தொட முடியும். கடனின் மொத்த அளவுக்கும் இதே அளவுகோல்தான்: மாவட்டச் சொத்து மதிப்பில் பொதுவாக 2.5 விழுக்காடும், தொடக்கப்பள்ளி அல்லது உயர்நிலைப்பள்ளி மட்டும் நடத்தும் மாவட்டங்களுக்கு 1.25 விழுக்காடும் உச்சவரம்பு. இந்த ஏற்பாட்டை நான் நியாயமானதாகக் கருதவில்லை. 2024 இல் ஏழை மாவட்டங்களுக்குக் கூட்டித் தரப்பட்ட சில விழுக்காடுகள் அந்த இடைவெளியை அடைக்கப் போதாதவை.

ஒரு கழிப்பறைத் தொகுதிக்குக்கூட வீடு கட்டும் செலவைப்போல் பல மடங்கு சொல்கிறார்களே?

1933 மார்ச் 10 அன்று மாலை லாங் பீச் நிலநடுக்கத்தில் ஏராளமான பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன. பள்ளி விட்ட பிறகு நடந்ததால்தான் குழந்தைகள் தப்பினார்கள். ஒரே மாதத்தில் ஃபீல்டு சட்டம் வந்தது. அன்று முதல் பொதுப் பள்ளிகளின் கட்டட வரைபடங்களை மாநிலக் கட்டடக் கலைத் துறை ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். பணி நடக்கும்போது அத்துறை ஏற்ற ஆய்வாளர் தொடர்ந்து மேற்பார்வையிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதிகளும், அரசுப் பணிக்குரிய ஊதிய விகிதமும் இவற்றோடு சேர்கின்றன. செலவைக் கேள்வி கேளுங்கள். ஆனால் நிலநடுக்கப் பாதுகாப்பில் குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

பணிப் பட்டியலில் எதைத் தேட வேண்டும்? (சாக்ரமென்டோ வாசகர்)

வந்த கேள்விகளில் இதைத்தான் முதன்மையானதாக நினைக்கிறேன். கடனின் மொத்தத் தொகையைவிட, அது எதற்குச் செலவாகிறது, அந்தப் பொருள் எத்தனை ஆண்டு நிற்கும் என்பவையே நம்மையும் நமக்குப் பின் அங்கே வாழப்போகிறவர்களையும் பாதிக்கும். கூரை, குழாய், மின்கம்பிகள், குளிரூட்டும் அமைப்பு, நிலநடுக்க வலுவூட்டல் ஆகியவற்றுக்கு 25 ஆண்டுக் கடன் பொருந்தும். நான்கைந்து ஆண்டுகளில் பழசாகும் மடிக்கணினிகளுக்கு அதே கடனில் பணம் எடுத்தால், இன்று முதல் வகுப்பில் இருக்கும் குழந்தை தன் முப்பதாவது வயதிலும் அதற்கு வரி கட்டும். அத்தகைய கருவிகளை வாங்கியே ஆக வேண்டுமானால் அவற்றுக்கென்று குறுகிய காலப் பத்திரங்களைத் தனியாக வெளியிடலாம்.

பட்டியலுக்குப் பின்னால் வளாகம் வளாகமாக நேரில் ஆய்ந்து எழுதிய நெடுங்காலக் கட்டடத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘எல்லாப் பள்ளிகளிலும் தேவைக்கேற்பப் புதுப்பித்தல்’ என்ற ஒற்றை வரி, எந்தப் பள்ளிக்கும் எதையும் உறுதியளிக்கவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் மாவட்டமானால், மூடப்படக்கூடிய பள்ளியில் பெரும் பணம் கொட்டப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வேலை நடக்கும் ஆண்டில் வகுப்புகள் எங்கே நடக்கும், அந்தத் தற்காலிக அறைகளின் செலவு கணக்கில் இருக்கிறதா, விலையேற்றத்துக்கு ஒதுக்கீடு உண்டா என்ற கேள்விகளுக்கும் விடை வேண்டும். வரிவிலக்குப் பெற்ற பத்திரங்களின் பணத்தில் பெரும்பகுதி மூன்று ஆண்டுகளுக்குள் செலவாகும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் வரிவிதி. ஆகவே பெரிய கடன்கள் தவணை தவணையாகத்தான் விற்கப்படுகின்றன. பட்டியலின் கடைசியில் இருக்கும் பள்ளி பத்து ஆண்டு காத்திருக்க நேரலாம்.

‘இப்போது வரி உயராது, பிறகு கட்டிக்கொள்ளலாம்’ என்கிறார்கள். நம்பலாமா?

சான் டியாகோ கவுன்டியின் பவே பள்ளி மாவட்டம் 2011 இல் சுமார் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. வரி விகிதத்தை உயர்த்துவதில்லை என்ற உறுதிமொழியைக் காப்பதற்காக, முதல் 20 ஆண்டுகளுக்கு எதுவும் திருப்பிக் கட்டாமல் வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் வகைப் பத்திரங்களை விற்றது. கட்டி முடிக்க வேண்டிய மொத்தம் ஏறத்தாழ 98 கோடி டாலர். முன்கூட்டியே அடைத்துவிடவும் அந்தப் பத்திரங்களில் வழியில்லை. இது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 2013 இல் இயற்றப்பட்ட சட்டம், திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை அசலைப்போல் நான்கு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்றும், இவ்வகைப் பத்திரங்களின் காலம் 25 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்றும் வரையறுத்தது. என் கருத்தில் நான்கு மடங்கும் மிக அதிகம். உங்கள் மாவட்டம் ஆண்டுதோறும் வட்டியும் அசலும் கட்டும் சாதாரணப் பத்திரங்களையே விற்குமா என்று நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நேராகக் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.

கண்காணிப்புக் குழுவால் தவறான செலவைத் தடுக்க முடியுமா?

தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை; செலவை ஆராய்ந்து பொதுமக்களுக்கு அறிவிப்பதே அதன் பணி. குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். மாவட்ட ஊழியர்களும் ஒப்பந்ததாரர்களும் உறுப்பினராகக் கூடாது. கணக்குப் பார்க்கத் தெரிந்த பெற்றோர் ஒருவர் அங்கே உட்கார்ந்தால் குழுவின் தரமே மாறும்.

எச்-1பி விசாவில் இருக்கிறோம். வீடு எங்களுடையது, வரியும் கட்டுகிறோம். எங்களுக்கு என்ன உரிமை? (டப்ளின் வாசகர்)

கடன் பத்திரத் தேர்தலில் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். ஆனால் கலிபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டப்படி பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டங்களில் யாரும் பேசலாம். குடியுரிமையைக் கேட்க மாட்டார்கள். பணிப் பட்டியல் வாக்குச்சீட்டுக்குப் போவதற்குப் பல மாதங்கள் முன்பே இக்கூட்டங்களில் உருவாகிறது. உங்கள் பிள்ளையின் வளாகத்தில் ஒழுகும் அறையின் எண்ணோடு அப்போதே எழுந்து பேசுங்கள்.