அக்காவிடம் கேளுங்கள்: சான்றிதழ் வந்தது, நாவல் எங்கே?

கேள்வி: வணக்கம் அக்கா. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறுதோறும் வேலூர் வந்து ஆறு மாத நாவல் பயிற்சி வகுப்பு முடித்தேன். வகுப்பு நடந்தவரை வாரம் ஓர் அத்தியாயம் எழுதி வாசித்தேன். சான்றிதழ் வாங்கியதோடு எழுத்து நின்றுவிட்டது. பீடி சுற்றும் என் அம்மாவின் வாழ்க்கைதான் கதை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அத்தியாயத்தில் அப்படியே கிடக்கிறது. இன்னொரு ஆன்லைன் வகுப்பில் சேரட்டுமா? குடியாத்தத்துக் கதையை யார் படிப்பார்கள் என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சேர வேண்டாம். அந்தப் பணத்துக்கு முதுகு வலிக்காத நாற்காலி ஒன்று வாங்குங்கள்.

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டே: கோட்டை உண்டு, ராஜா இல்லை, ஆறு உண்டு, தண்ணீர் இல்லை, கோயில் உண்டு, சாமி இல்லை. சான்றிதழ் உண்டு, நாவல் இல்லை என்று நீங்கள் ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள். ஜலகண்டேசுவரரே 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார்.

அக்கா என்று கூப்பிட்டதால் உரிமையோடு சொல்கிறேன். வகுப்பில் உங்களை எழுத வைத்தது ஆர்வம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் முன்னால் வெறுங்கையோடு உட்கார வெட்கம். அந்த வெட்கத்துக்கு இப்போது நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழு இந்நேரம் குட்மார்னிங் படங்களாகியிருக்கும், அதை விடுங்கள். அதிலிருந்து ஒரே ஒருவரைப் பிடியுங்கள். பிரமாதமாக எழுதுகிறவராக இருக்க வேண்டியதில்லை, சொன்ன நேரத்துக்கு வருகிறவராக இருந்தால் போதும். ஒரு டீ, பத்துப் பக்கம், அரை மணி நேரம். பாராட்டும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்று மட்டும் சொல்லட்டும்.

உங்கள் அம்மாவையே பாருங்கள். இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்கிறார், தகட்டை வைத்து வெட்டுகிறார், தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுகிறார். இன்றைக்கு மூடு இல்லை என்று என்றாவது முறத்தைத் தள்ளி வைத்தாரா? கணக்கெடுக்க ஆள் வருவான், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. (இதைப் படித்துவிட்டு ‘உழைப்பின் மகத்துவம்’ என்று ஓர் அத்தியாயம் எழுதிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். அவர் வேறு வழியில்லாமல் செய்கிறார்.) உங்களுக்கோ எழுதாமல் இருக்கவும் வழி இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

சிரசுத் திருவிழாவை இப்போதைக்கு விடுங்கள். வைகாசி முதல் தேதி, அம்மன் சிரசு ஊர்வலம், அடங்காத கூட்டம், பம்பைச் சத்தம் என்று பெரிய காட்சி அது. புதிதாக எழுதுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தகவல் போதவில்லை என்று தேடப் போவார்கள். தேடுவது சுகமான வேலை, அந்த நேரத்தில் எழுத வேண்டியதில்லை பாருங்கள். ‘திருவிழா இங்கே வரும்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு, அன்று காலை உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு வாருங்கள். சரியில்லை என்று கழித்துப் போட்ட பீடிகளுக்காக அம்மா ஏஜென்ட்டோடு சண்டை பிடித்த நாள் ஒன்று இருக்குமே? அவர் பிசைந்து கொடுத்த சோற்றில் புகையிலை நெடி அடித்ததா? அதையெல்லாம் எந்த நூலகத்திலும் தேடி எடுக்க முடியாது.

கணக்குக்காரருக்குக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு நாளைக்கு 250 வார்த்தை, வாரத்துக்கு ஆறு நாள்: 1,500. நாற்பது வாரத்தில் 60,000. முதல் நாவலுக்குத் தாராளம். 250 வார்த்தை இந்தப் பதிலைவிடச் சின்னது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மத்தியானத்தை நம்பினால் தூக்கம்தான் வரும்.

குடியாத்தத்தை யார் படிப்பார்களா? வாலாஜாபேட்டையைப் படித்தவர்கள்தான். மு.வ. அந்த ஊரை வைத்து எழுதிய ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்ய அகாதெமி விருதே வாங்கியது.

கேள்வி: பயிற்சி வகுப்பில் என் நாவலின் கதையை முழுசாகச் சொல்லிவிட்டேன். யாராவது எடுத்து எழுதிவிட்டால்? இந்தக் கவலையில் ஒரு வரியும் ஓடவில்லை.
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கதைக் கருவுக்குச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது, எழுதிய எழுத்துக்குத்தான் உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய உடனே அது உங்களுடையதாகிவிடும். பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். நீங்கள் இன்னும் எழுதவே இல்லை, எதைத் திருடுவார்கள்? அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், எழுதிய பக்கங்களை வாராவாரம் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், தேதியோடு இருக்கும். அனுப்புவதற்குப் பக்கம் வேண்டுமே, அதற்காகவாவது எழுதுவீர்கள்.