கல்லூரி மூடியிருக்கும்போது பாடம் நடத்துவது: கேள்வி பதில்

வெள்ளமோ, நிலநடுக்கமோ, தொற்றோ, திடீரென்று கல்லூரி மூடப்பட்டால் வீட்டிலிருந்தே பாடத்தைத் தொடர்வது பற்றி ஆசிரியர்கள் கேட்டவை.

மேடம், திங்கட்கிழமையே ஆன்லைனில் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். முதல் வேலை என்ன?

மாணவர்களைத் தேடிப் பிடிப்பது. எங்கே இருக்கிறார்கள், கையில் போனா லேப்டாப்பா, நெட் எந்த நேரத்தில் வருகிறது, இவ்வளவுதான் கேட்க வேண்டும். பதில் வராதவர்களை நீங்களே கூப்பிடுங்கள். அவர்களுக்குத்தான் உதவி அதிகம் தேவை. 2005இல் கத்ரினா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர மாணவர்கள் பல மாநிலங்களுக்குச் சிதறிப்போனார்கள். கல்லூரி மின்னஞ்சலும் முடங்கியது. அதனால் எண்களைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

பழைய டைம்டேபிள்படியே நேரலை வகுப்பு எடுக்கலாமா?

வேண்டாம். நேரலை வகுப்பு, அந்த நேரத்தில் கரண்டும் சிக்னலும் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ஒரு மணி நேர வீடியோ பல நூறு எம்பியைத் தின்றுவிடும். அதையே 32 கேபிபிஎஸ் (நொடிக்கு 32 கிலோபிட்) ஆடியோவாகப் பதிந்தால் மணிக்குச் சுமார் 14 எம்பிதான். பத்து நிமிடத் துண்டு இரண்டரை எம்பிகூட வராது. துண்டு துண்டாகப் பேசி, கூடவே இரண்டு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். சிக்னல் வரும்போது இறக்கிக்கொள்வார்கள். நேரலையை வாரம் ஒருமுறை, சந்தேகம் தீர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சார் ஒருவர்: நான் கணக்கு நடத்துகிறேன். கரும்பலகை இல்லாமல் எப்படி?

இரண்டு பக்கமும் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். நடுவில் பாலம்போல் இரண்டு ஸ்கேல், அதன்மேல் போன், கேமரா கீழே பார்க்கட்டும். அடியில் வெள்ளைத்தாள், தடித்த பேனா. முகம் தெரியவே வேண்டாம், எழுதும் கை தெரிந்தால் போதும். தப்பாக எழுதினால் அழித்துவிட்டு மறுபடி பதியாதீர்கள். அடித்துத் திருத்துவதையும் அவர்கள் பார்க்கட்டும்.

ஆய்வகம்?

அளவீடுகளை நீங்கள் கொடுங்கள். கணக்கிட்டு, பிழை எங்கே வந்திருக்கும் என்று அவர்கள் எழுதட்டும். கைப்பழக்கம் மட்டும் கல்லூரி திறந்தபின்தான், வேறு வழியில்லை.

தேர்வு வைத்தால் காப்பி அடிப்பார்களே?

புத்தகத்தைப் பார்த்தே எழுதச் சொல்லிவிடுங்கள். வரையறை கேட்காமல், "இந்த விடையில் எந்த வரி தவறு, ஏன்?" என்று கேளுங்கள். அவகாசம் 48 மணி நேரமாவது கொடுங்கள்.

கேமராவை ஆன் செய்ய மறுக்கிறார்கள் மேடம்.

வற்புறுத்தாதீர்கள். என் மாணவி ஒருத்தி ஒருநாளும் முகம் காட்டவில்லை. ஒரே அறையில் ஆறு பேர் என்று பிறகு தெரிந்தது. ஆனால் எல்லோரும் தூங்கிய பிறகு, இரவு பதினொன்றரைக்கு, தவறாமல் ஒரு கேள்வி தட்டி அனுப்பியிருப்பாள். வருகைப் பதிவேட்டில் அதைத்தான் குறித்துக்கொண்டேன்.