தாய்லாந்து விசாவும் அதன் பின்னால் வரும் காகிதங்களும்: கேள்வி பதில்

பதினான்கு வருடமாகத் தாய்லாந்தில் சோன்புரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நம் ஊர் இன்ஜினியர்கள் வந்து இறங்கியதும் அவர்களுடைய பாஸ்போர்ட் முதலில் என் மேசைக்குத்தான் வரும். கேட்கச் சொன்னதும் நாற்பது கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். முன்கூட்டியே ஒன்று: இங்கே ஒரே விதியை சோன்புரியில் ஒரு மாதிரியும் பாங்காக்கில் இன்னொரு மாதிரியும் நடத்துவார்கள், அதனால் போகும் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள்.

அக்கா, ராயோங்கில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி "விசா இல்லாமல் சுற்றுலாவாக வா, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம், திங்கள் முதல் வேலைக்கு வா" என்கிறது. சரியா?

முதல் பாதி நடக்கக்கூடியது. இரண்டாம் பாதி தப்பு. உள்ளே வந்தபிறகு வேலைக்கான நான்-இமிகிரண்ட் பி (சுருக்கமாக நான்-பி) விசாவுக்கு மாற விண்ணப்பிக்க வழி இருக்கிறது, கட்டணம் 2000 பாட், ஆனால் கையில் குறைந்தது 15 நாள் தங்கும் அனுமதி பாக்கி இருக்க வேண்டும், கம்பெனி காகிதங்களும் சுத்தமாக இருக்க வேண்டும். சாதாரணக் கம்பெனி என்றால் ஒரு வெளிநாட்டவருக்கு 20 லட்சம் பாட் மூலதனம், நான்கு தாய் ஊழியர்கள் என்று கணக்கு பார்ப்பார்கள். அங்கேதான் சின்னக் கம்பெனிகள் மாட்டும்.

ஆனால் வொர்க் பெர்மிட் கைக்கு வராமல் திங்கட்கிழமை போய் மேசையில் உட்கார்ந்தால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் உனக்கு 5000 முதல் 50,000 பாட் அபராதம், அதோடு நாடு கடத்தல். கம்பெனிக்கும் அபராதம் உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டில் விழும் கறை உனக்குத்தான். என்னைக் கேட்டால், ஊரில் இருந்தபடியே நான்-பி வாங்கிக்கொண்டு வா. 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் இது ஈ-விசாதான், சென்னைத் தூதரக அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. "வந்ததும் பார்த்துக்கலாம்" என்கிற கம்பெனி, சம்பளத்திலும் அதையேதான் சொல்லும்.

90 நாள் ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன், அப்படியானால் விசா 90 நாள் நீண்டுவிட்டது, இல்லையா?

இல்லை. இந்தக் கேள்வியை மாதம் ஒருவராவது கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உங்கள் பாஸ்போர்ட்டில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் தனித்தனி கடிகாரம். முதலாவது விசா: அது வாசலில் நுழைவதற்கான டிக்கெட், நுழைந்ததும் அதன் வேலை முடிந்தது. இரண்டாவது தங்கும் அனுமதி: "இந்தத் தேதி வரை" என்று போட்ட முத்திரை, உண்மையில் உங்களைக் காப்பாற்றுவது இதுதான். வருடாவருடம் டிஎம் 7 படிவம் கொடுத்து 1900 பாட் கட்டி நீட்டுவது இதைத்தான். மூன்றாவது 90 நாள் ரிப்போர்ட், டிஎம் 47 படிவம்: 90 நாளுக்கு ஒருமுறை "நான் இன்னும் இதே முகவரியில்தான் இருக்கிறேன்" என்று சொல்வது, அவ்வளவே. அதற்குக் கட்டணமும் இல்லை, அதனால் ஒரு நாள்கூட நீளாது.

நேரில் போனால் கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை கொடுக்கலாம். ஆன்லைனில் அந்தப் பின் சலுகை இல்லை, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். தவறவிட்டு நீங்களாகப் போனால் 2000 பாட் அபராதம். நடுவில் நாட்டைவிட்டுப் போய் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், இதை மறந்து வீணாக லீவு போட்டு வரிசையில் நின்றவர்கள் உண்டு.

வீட்டு உரிமையாளர் டிஎம் 30 போட மாட்டேன் என்கிறார். விட்டுவிடலாமா?

விடக்கூடாது. வெளிநாட்டவர் வீட்டுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கான படிவம்தான் டிஎம் 30, விதி 1979-ஆம் வருட இமிகிரேஷன் சட்டத்தின் 38-ஆவது பிரிவு. கடமை அவருடையதுதான், ஆனால் அந்த ரசீது இல்லாவிட்டால் அலைவது நீங்கள். விசா நீட்டிப்பா, ரசீது எங்கே. 90 நாள் ரிப்போர்ட்டா, ரசீது எங்கே. குடியிருப்புச் சான்றிதழா, அதற்கும் அதேதான். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் பேங்க் அக்கவுண்ட், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம். ஆக உங்கள் மொத்தக் காகிதக் கட்டும் இந்த ஒரு துண்டுச் சீட்டின் மேல் நிற்கிறது.

பாதி வீட்டுக்காரர்கள் மறுப்பதற்குக் காரணம் வாடகை வருமானம் வரித்துறைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். சண்டை வேண்டாம். வாடகை ஒப்பந்தம், அவருடைய அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவேடான 'தபியன் பான்' நகல், இந்த மூன்றிலும் அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீங்களே போய்ப் பதியலாம், வீட்டில் குடியிருப்பவர் என்ற முறையில் பெரும்பாலான இடங்களில் ஏற்கிறார்கள். கையெழுத்தைக்கூட முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பணம் கை மாறிய பிறகு யார் மதிப்பார்கள்.

பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் காலியாக இருக்கிறது. எல்லா இடத்திலும் தகராறு.

நம்மவர்களின் தனிப்பட்ட தலைவலி இது. இரண்டு பகுதிகள் இருக்கின்றன. 2025 மே 1-லிருந்து நாட்டுக்குள் வருகிற வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை, வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதில் குடும்பப் பெயர் இடத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள், அப்பா பெயரைக் கற்பனையாகச் சேர்க்காதீர்கள், பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி இருக்கட்டும். (அந்த அட்டை இலவசம். பணம் கேட்கிற இணையதளம் என்றால் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.)

அடுத்தது இதைவிட மோசம், யாரும் முன்னால் சொல்லித் தர மாட்டார்கள்: உங்கள் பெயரைத் தாய் எழுத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்பது. வொர்க் பெர்மிட்டில் ஒரு எழுத்தர் எழுதுவார், பேங்கில் இன்னொருவர், கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்ப்பவர் மூன்றாவது விதமாக. நம் 'ழ'வுக்கு அவர்களிடம் எழுத்தே இல்லை. சொல்லின் கடைசியில் 'ல்' வந்தால் அவர்கள் வாயில் அது 'ன்' ஆகிவிடும், கோகுல் என்றால் கோகுன். சிரிப்பாகத்தான் இருக்கும், நான்கு வருடம் கழித்து "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளா?" என்று கேட்கும்வரை. வொர்க் பெர்மிட்டில் வந்த எழுத்துக்கூட்டலைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் எங்கே போனாலும் அதைக் காட்டி "இப்படியே எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்கு மூன்று எழுத்துக்கூட்டல்கள். அவர் மனைவியின் விசா நீட்டிப்புக்கு நாங்கள் ஐந்து முறை நடந்தோம்.

மனைவியை அழைத்து வர என்ன வேண்டும்? இங்கே அவர் பரதநாட்டிய வகுப்பு எடுக்கலாமா?

கல்யாணப் பதிவுச் சான்றிதழ், அதுவும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தயாராக. கோயிலில் கொடுத்த ரசீதும் ஆல்பமும் செல்லாது. சான்றிதழுக்கு இந்திய வெளியுறவுத்துறை முத்திரை, பிறகு தாய் தூதரக முத்திரை. இங்கே வந்ததும் தாய் மொழிபெயர்ப்பு, அதற்கு பாங்காக் சேங் வத்தனா சாலையில் உள்ள வெளியுறவு அமைச்சகத் தூதரகப் பிரிவில் ஒரு சான்று. வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து. இங்கே வந்த பிறகு ஊரில் மாமனாரை அலையவிடாதீர்கள், தம்பி.

வகுப்பு பற்றி: உங்களைச் சார்ந்து வாங்கும் நான்-ஓ விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வொர்க் பெர்மிட் இல்லாமல் செய்தால் வேலைதான். ஒரு பள்ளி அவரைப் பணியில் எடுத்து பெர்மிட் எடுத்துக் கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம். வீட்டு ஹாலில் பத்துப் பிள்ளைகளை வைத்து நடத்துபவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், அடுத்த வீட்டுக்காரர் புகார் கொடுக்கும்வரை.

நான்கு வருட வேலை, அடுத்த மாதக் கடைசியில் போகிறது. எத்தனை நாள் இங்கே இருக்கலாம்?

முத்திரையில் இன்னும் ஏழு மாதம் இருந்தாலும் அது செல்லாது, தம்பி. தங்கும் அனுமதி அந்த வேலைக்காகக் கொடுத்தது, கடைசி வேலை நாளோடு அதுவும் முடிகிறது. 1900 பாட் கட்டி ஏழு நாள் கேட்கலாம், அதற்குள் கிளம்ப வேண்டும். புது வேலை கிடைத்திருந்தால் இரண்டு கம்பெனிகளையும் பேசவைத்து, பழையது ரத்தாகும் தேதியையும் புதியது தொடங்கும் தேதியையும் அடுத்தடுத்து அமையும்படி செய்யுங்கள். முடியாவிட்டால் வெளியே போய் புது நான்-பியோடு வருவதே நிம்மதி.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அவர்களாக அனுப்பினால் தொழிலாளர் சட்டப்படி நஷ்ட ஈடு உண்டு, வெளிநாட்டவருக்கும்தான். மூன்று வருடம் முடிந்து ஆறு வருடம் ஆகாதவர்களுக்கு 180 நாள் சம்பளம். "ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொடு, விசா ரத்துக்கு அது தேவை" என்பார்கள். எழுதிக்கொடுத்தால் அந்த 180 நாள் போயிற்று. மனிதவளத்தில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன், என் முதலாளி தமிழ் படிக்க மாட்டார்.

அப்பாவுக்கு 63 வயது, எங்களோடு வந்து இருக்க ஓய்வூதிய விசா எடுக்கலாமா? ஏஜென்ட் பணத்தை அவரே காட்டுவதாகச் சொல்கிறார்.

50 வயது தாண்டியவர்கள் எடுக்கலாம். தாய் பேங்கில் அப்பா பெயரில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். அந்த எட்டு லட்சம் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, கொடுத்தபின் மூன்று மாதம்வரை அசையாமல் கிடக்க வேண்டும், பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஏஜென்ட் ஒரே வாரம் பணத்தைப் போட்டு எடுத்துவிடுவார், அடுத்த வருடம் பாஸ்புக்கைக் கேட்கும்போது போனை எடுக்க மாட்டார். முத்திரை போலி என்றால் மாட்டுவது அப்பா. அறுபத்து மூன்று வயதில் அவருக்கு இது வேண்டாம்.

நாள் கணக்குத் தப்பி மூன்று நாள் கூடுதலாக இருந்துவிட்டேன்.

நாளுக்கு 500 பாட், ஆக 1500. விமான நிலையத்தில் கட்டிவிட்டுப் போகலாம், உச்சவரம்பு 20,000. ஆனால் 90 நாளைத் தாண்டினால் நீங்களே வந்து கட்டினாலும் ஒரு வருடம் நுழையத் தடை. தெருச் சோதனையில் பிடிபட்டால் ஒரு வருடத்துக்குக் குறைவான ஓவர்ஸ்டேவுக்கே ஐந்து வருடம். மூன்று நாளோடு அது முடியட்டும்.

இந்திய லைசென்ஸை வைத்து வண்டி ஓட்டலாமா?

சர்வதேசப் பெர்மிட்டோடு கொஞ்ச காலம் ஓடலாம். குடியிருப்பவர் என்றால் தாய் லைசென்ஸ் எடுங்கள்: மருத்துவச் சான்று, வொர்க் பெர்மிட் அல்லது குடியிருப்புச் சான்று, நிறக்குருடு சோதனை, பிரேக் மிதிக்கும் வேகம் பார்க்கும் சோதனை. முதலில் இரண்டு வருடம், அடுத்ததிலிருந்து ஐந்து வருடம். பைக்குக்குத் தனி லைசென்ஸ். கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார், ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில்.

சென்னை வீட்டு வாடகையை இங்கே அனுப்பினால் வரி வருமா?

ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாள் இங்கே இருந்தால் நீங்கள் வரிக் கணக்கில் குடியிருப்பவர். 2024-லிருந்து சம்பாதித்த வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் கணக்கில் காட்ட வேண்டும். 2023 முடியும்வரை சேர்த்த பணத்துக்கு இது பொருந்தாது, அதனால் பழைய பேங்க் ஸ்டேட்மென்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். இந்தியாவில் கட்டிய வரியைக் கழிக்க இரு நாட்டு ஒப்பந்தம் இருக்கிறது, அதற்கு ஆடிட்டரைப் பாருங்கள், என்னை அல்ல.

அக்கா, அவசரம். தங்கை கல்யாணத்துக்கு இன்று இரவு சுவர்ணபூமியில் இருந்து திருச்சி போகிறேன், கோலாலம்பூர் வழியாக. ஒரு வருட நீட்டிப்பு போன மாதம்தான் கிடைத்தது. ரீ-என்ட்ரி பெர்மிட் என்கிறார்களே, அது எனக்கும் வேண்டுமா?

வேண்டும்! அது இல்லாமல் வெளியே காலை வைத்த நிமிடமே அந்த ஒரு வருடம் ரத்து. திரும்பி வரும்போது நீ வெறும் சுற்றுலாப் பயணி, வொர்க் பெர்மிட் கையில் இருந்தும் பயனில்லை, நான்-பியிலிருந்து எல்லாம் மறுபடி. ஒருமுறைக்கு 1000 பாட், எத்தனை முறை வேண்டுமானாலும் என்றால் 3800. விமான நிலையத்திலேயே, புறப்பாட்டுப் பகுதியில் பாஸ்போர்ட் சோதனைப் பக்கம் அதற்குத் தனி கவுண்டர் இருக்கிறது. முத்திரை குத்தும் அதிகாரியிடம் போவதற்கு முன்னால் அங்கே போ, அவர் குத்திவிட்டால் சிக்கல். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், ஒரு போட்டோ, அதற்கும் நகலுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே ரொக்கம் வைத்துக்கொள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பு. பெர்மிட் ஒட்டியதும் அதில் இருக்கும் தேதியைப் பார், உன் நீட்டிப்பு முடியும் தேதியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது, அதுவரை இங்கேதான் இருப்பேன்.