சர்க்கரையும் ஷிப்டும்: நர்ஸ் பதில்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

பனியன் கம்பெனி முதலுதவி அறையில் இருக்கிறேன் சிஸ்டர். மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். அடுத்த மாதமும் சர்க்கரை 300.

திட்டாதீர்கள் அம்மா. "எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க, எப்போ சாப்பிடுறீங்க?" என்று கேளுங்கள். ஓவர்லாக் மெஷினில் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு மாதம் 60 மெட்ஃபார்மின், அதாவது சர்க்கரை நோய் மாத்திரை, கொடுத்தோம். மீதியைக் கொண்டுவரச் சொன்னால், பாதி அப்படியே இருந்தது. காலை ஏழரைக்குக் கம்பெனி வேன். வெறும் வயிற்றோடு ஏறிவிடுவார். சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை வீட்டிலேயே கிடக்கும். டாக்டரிடம் சொல்லி, பத்து மணி டீ இடைவேளையில் டிபன் சாப்பிட்டுப் போடும்படி மாற்றினோம். டிபன் டப்பா மூடியில் மாத்திரையை ஒட்டிக் கொண்டுபோனார். அதுவரை அந்த வேன் நேரத்தை நாங்கள் யாருமே கேட்டதில்லை.

அப்பா இரவு ஷிப்டு செக்யூரிட்டி. இன்சுலின் போடுகிறார். நடுராத்திரியில் வியர்த்து, கை நடுங்குகிறதாம்.

லோ சுகர் மாதிரி தெரிகிறது தம்பி. உடனே குளுக்கோமீட்டரில் பார்க்கணும். 70-க்குக் கீழே இருந்தாலும் சரி, மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் சரி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கட்டும். 15 நிமிடம் கழித்தும் ஏறவில்லை என்றால் மறுபடியும். அப்புறம் ஏதாவது சாப்பிடணும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இது கூட இருக்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்கணும். ஊசி அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். ஷிப்டு நேரம், சாப்பாட்டு நேரம் இரண்டையும் எழுதி இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

யாருக்கு என்ன வியாதி என்று சூப்பர்வைசர் பட்டியல் கேட்கிறார். கொடுக்கலாமா அக்கா?

கூடாது. நோயாளி சம்மதித்தால், "இவருக்குப் பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இடைவேளை வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். நோயின் பெயர் வெளியே போனால், அடுத்த முறை உங்களிடமே மறைப்பார்கள்.

கிட்னி பழுதாகி டயாலிசிஸ் செய்கிறவர், சம்பளம் போய்விடுமோ என்று அழுகிறார்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கிட்னி செயலிழப்பு நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது; தகுதி இருந்தால் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. பலருக்கு இது தெரியாமலே வேலையை விட்டுவிடுகிறார்கள். ராஜினாமா எழுதும் முன்பே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.