ஆமென் போட முடியாத காலைகள்

அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

நான் மலேசியாவில் கோலகங்சார் பக்கம் ஒரு தாமானில், குடியிருப்புப் பகுதியில், இருக்கிறேன். முன்பு தோட்டத்தில் இருந்தோம். லயத்து வரிசை வீடுகளை உடைத்தபோது வெளியே வந்துவிட்டோம். எனக்கு ஈப்போவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் வந்துவிடும், வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். கணவர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது. பேச்சு இல்லை, வலது பக்கம் அசையாது. பகலில் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்கிறார், இரவு முழுக்க நான்தான்.

எங்கள் சபை வாட்சாப் குழுவில் காலை நாலரைக்கு வசனம் போடுவார்கள். ஜெபத்துக்கு எழுந்தவர்கள் ஆமென் போடவேண்டும். பல நாள் என்னால் முடிவதில்லை. போட்ட நாளிலும் முழங்காலிலேயே தூங்கிவிடுகிறேன். "அதிகாலை ஜெபம் இல்லாத வீட்டில்தான் வியாதி குடியிருக்கும்" என்று ஒரு அக்கா என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அத்தை குணமாகவேண்டும் என்று மூன்று வருடம் ஜெபித்தும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் சொல்வது உண்மைதானோ என்று பயமாக இருக்கிறது. மகன் படிவம் 3 படிக்கிறான். குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். நான் என்ன செய்யட்டும்?

பெயர் போடவேண்டாம் அண்ணா.

—

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த அக்காவின் பேச்சை முடித்துவிடுவோம், அதில் அதிக நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா?" என்று சீஷர்களே கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் 9-ஆம் அதிகாரம், தொடக்கத்திலேயே இருக்கிறது. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல மனிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதுகொண்டிருந்த அன்னாளைப் பார்த்து, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தவர் யாரோ வழிப்போக்கர் இல்லை, ஆசாரியன் ஏலி. ஜெபத்தில் பழுத்தவர்களுக்கும் அடுத்தவர் ஜெபம் கண்ணில் படாமல் போகும். அந்த அக்காவிடம் சண்டை வேண்டாம். அவர் சொன்னதை ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

அடுத்தது அந்த நாலரை மணி. நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஐந்தே முக்காலுக்கு பஸ். அதற்குமுன் சோறு வடித்து, அத்தையைத் துடைத்து, பேம்பர்ஸ் மாற்றி, மகனை ஒரு தரம் எழுப்பி, அவன் எழாமல், மறுபடி எழுப்பி, இத்தனையும் நடந்தாகவேண்டும். அப்படியென்றால் நாலரைக்கு நீங்கள் எழுந்துதானே இருக்கிறீர்கள்? உங்கள் கையில் போன் இல்லை, வேலை இருக்கிறது. குழுவில் ஆமென் விழவில்லை என்பதற்கு இதற்கு மேல் அர்த்தம் கிடையாது. தோட்டத்தில் விடிவதற்குள் ஆட்களை நிறுத்திப் பெரட்டு எடுத்துப் பெயர் போடுவார்களே, அந்த மாதிரி ஆகிவிட்டது இந்த வாட்சாப் ஆமென். பெயர் விழாத அன்றைக்குக் கூலி இல்லை. ஆண்டவர் யாரையும் கணக்கெழுதும் கிராணியாக வைத்துப் பெரட்டு எடுப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த நாலு மணி, நாலரை மணி ஜெபத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நானும் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயத்தில் பல வேதக்கார வீடுகளில் நாலு மணிக்கெல்லாம் விளக்கு எரியும், பாட்டுச் சத்தம் கேட்கும். இன்றைக்கும் பழைய ஆட்கள் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். ஆனால் ஏன் நாலு மணி? ரப்பர் பால்மரம் வெட்ட இருட்டோடு போகவேண்டும். வெயில் ஏறுமுன் குளிர்ந்த நேரத்தில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், சூடு ஏறிவிட்டால் சீக்கிரம் நின்றுவிடும். எப்படியும் எழுந்தாகவேண்டிய நேரத்தில், வேலைக்கு ஒரு படி முன்னால், ஜெபத்தை வைத்தார்கள். அவர்கள் வேலையை ஒட்டி அவர்கள் ஜெபம் அமைந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயம் போய்த் தாமான் வந்துவிட்டது, ஷிஃப்ட் வந்துவிட்டது. மணியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மணியும் பழைய மணி கிடையாது. 1982 பிறந்தபோது, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். எங்கள் அப்பாக்கள் ஜெபித்த நாலு மணிதான் இன்றைய நாலரை. தமிழ்நாட்டில் ஒரு பாஸ்டர் நாலரைக்கு யூட்யூபில் நேரலை ஆரம்பித்தால் இங்கே மணி ஏழு, நீங்கள் ஃபேக்டரி வாசலில் நிற்பீர்கள். எந்த நாலரை பரலோகத்தில் செல்லும் என்று அந்த அக்காவைத்தான் கேட்கவேண்டும்! சரி, விளையாட்டுக்குச் சொன்னேன். அதிகாலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இயேசுவும் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அதே இயேசு ராத்திரி முழுக்கவும் ஜெபித்திருக்கிறார், சாப்பாட்டுக்கு முன்னும் ஜெபித்திருக்கிறார், சிலுவையில் தொங்கிக்கொண்டும் ஜெபித்திருக்கிறார். ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு அவர் இருக்கவில்லை.

உங்களுடைய நேரம் எது? நீங்கள் எழுதாமல் விட்டதை நான் ஊகிக்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகும் இடுப்பும் புண்ணாகிவிடும். மூன்று வருடமாக இரவு முழுக்க நீங்கள்தான் என்றால், பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழுந்துகொண்டேதான் இருக்கிறீர்கள். "இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்" என்று 63-ஆம் சங்கீதத்தில் தாவீது பாடுகிறார். சாமத்துக்குச் சாமம் விழிக்கிற நீங்கள், ஜெபமே இல்லாதவள் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

அத்தையைப் புரட்டும்போது என்ன செய்வீர்கள்? முழங்காலை மடக்கி வைத்து, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, மெதுவாக உங்கள் பக்கம் இழுத்து, முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக் கொடுப்பீர்கள். அந்தத் தலையணையை வைக்கும்போது ஒரு வரி. "ஆண்டவரே, அத்தைக்கு இரங்கும்." அடுத்த முறை மகன் பெயர். அதற்கடுத்த முறை ரோட்டில் இருக்கிற கணவர் பெயர். பிறகு படுத்துத் தூங்குங்கள். என் அம்மா அப்படித்தான் செய்வார். வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்து, உளியால் ஒரு இழுப்பு, பால் வடியும் மங்குக் கிண்ணத்தை நேராக்கி வைத்து, வாய் ஒரு பெயரை முணுமுணுக்க அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். யாருக்காவது காய்ச்சல் என்றால், அம்மா வெட்டவேண்டிய ஒரு நிரை மரம் முழுக்க ஒரே ஆளின் பெயராகவும் இருக்கும். நானூறு மரத்துக்குக் குறையாத நிரைகள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அம்மாவை ஜெபிக்கச் சொன்னால் எழுந்து நின்று நாலு வார்த்தை கோர்க்கத் தெரியாது. "ஜெபிக்கத் தெரியாத பொம்பளை" என்றுதான் சபையில் பெயர்.

இவ்வளவு சின்ன ஜெபம் போதுமா என்று கேட்பீர்கள். நெகேமியா கதை ஞாபகம் இருக்கிறதா? "உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுத்து நின்ற இடத்திலேயே, நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டுப் பதில் சொல்கிறான். எத்தனை விநாடி இருந்திருக்கும்? ஆனால் முந்தின அதிகாரத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். கிஸ்லே மாதத்திலேயே உட்கார்ந்து அழுது உபவாசித்திருக்கிறான், ராஜாவோடு பேசியதோ நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நாலு மாதம். அதனால் குட்டி ஜெபம் மட்டும் போதும் என்று சொல்லி உங்களை நான் ஏமாற்றமாட்டேன். ஃபேக்டரி லீவு நாளில், நாத்தனார் வந்திருக்கும் நேரத்தில், ஒரு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள். கோயிலுக்கோ, ஆற்றங்கரைக்கோ, எங்கேயாவது. அந்த ஒரு மணியில் பாதி தூங்கிப் போனாலும் பரவாயில்லை.

மற்ற நாட்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஆதிச்சபைக் காலத்தில் எழுதப்பட்ட திதாகே என்ற சின்ன ஒழுங்குநூல், பரமண்டல ஜெபத்தை ஒரு நாளைக்கு மூன்று தரம் சொல்லச் சொல்கிறது. நிதானமாகச் சொன்னால் அரை நிமிஷம். பஸ்ஸில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது ஒன்று. சொந்த வார்த்தையில் ஜெபித்தால்தான் ஜெபம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். களைத்துப்போன ஆளிடம் சொந்த வார்த்தை எங்கே இருக்கும்? இரவல் வார்த்தைக்குத்தான் 150 சங்கீதங்கள் இருக்கின்றன.

முழங்காலில் தூங்கிவிடுவது. எலியா சூரைச்செடியின் கீழே, "போதும் கர்த்தாவே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். தூதன் வந்து கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரமும் சாப்பாடுதான் வந்தது. உங்களுக்கும் அதேதான் சொல்வேன். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிடாமல் படுக்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

அத்தை ஏன் குணமாகவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பவுல் தன் உடம்பில் முள்ளாய்க் குத்திய வேதனை நீங்க மூன்று தரம் கேட்டார், முள் எடுபடவில்லை. "கிருபை போதும்" என்ற பதில் அவருக்கு நேராக வந்தது. நமக்கு அப்படிச் சத்தமும் வருவதில்லை, அதுதான் கஷ்டம். அந்த மாதிரி நாட்களில் 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எங்கேயோ ஒரு இடத்தில் துதிக்குத் திரும்பிவிடும், இது கடைசி வரை திரும்பாது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோபத்தோடு ஜெபித்தால் தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க நினைத்தீர்கள் என்று தோன்றுகிறது. தப்பில்லை.

இன்னொன்று, இது ஜெபமும் ஆகும், வைத்தியமும் ஆகலாம். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களில் சிலருக்கு, பேச முடியாத வார்த்தை பாட்டாக வந்துவிடும். மூளையில் பேச்சுக்கான பகுதி அடிபட்டாலும் ராகத்தோடு மனதில் பதிந்தது சில பேருக்குத் தப்பித்து நிற்கும். அத்தை சின்ன வயதிலிருந்து பாடிய கீர்த்தனை எது என்று கணவரைக் கேளுங்கள். துடைத்துவிடும்போது அதை மெதுவாகப் பாடுங்கள், ஒரு அடியின் கடைசி வார்த்தையை விட்டுவிட்டுக் காத்திருங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டாலும் காது கேட்கிறதே.

மகன் விஷயம். பதினைந்து வயதில் கதவைச் சாத்தாத பையன் யார்? கதவைத் தட்டி ஜெபத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். பாட்டியைப் புரட்ட ஒரு கை கொடு என்று கூப்பிடுங்கள். வருவான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வரி அவன் காதிலும் விழும். அவனை ஆமென் சொல்லச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, ஜெபத்தில் சேராத ஒரு காரியம். இரவு முழுக்க ஒரே ஆள் என்பது சரிப்பட்டு வராது. நாத்தனாரிடம் வாரத்தில் ஒரு இரவு தங்கச் சொல்லிக் கேளுங்கள். கணவர் வீட்டில் இருக்கும் இரவுகளில் பன்னிரண்டு மணியும் இரண்டு மணியும் அவருடையது, அது அவரைப் பெற்ற தாய். சமூகநல இலாகாவில், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு மாதாந்திர உதவித்தொகை உண்டு. வருமானம், மருத்துவச் சான்று என்று நிபந்தனைகள் இருக்கும். மாவட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் அடையாளக் கார்டு நகலையும் மறக்காமல் கொண்டுபோங்கள். உங்கள் சபையில் அதிகாலையில் எழுந்து ஆமென் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அதில் இரண்டு பேர் மாதத்துக்கு ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் வந்து படுக்க முடியுமா என்று பாஸ்டரம்மாவிடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். அந்த அக்காவையே கூடக் கேட்கலாம்.

நாத்தனார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.