தானாக நடக்கும் ஸ்டிக்கும் பில் இல்லாத பெட்டியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம் கொன்சோல்கள், அதாவது வீடியோ கேம் விளையாடும் மெஷின்கள் பற்றியவை. யாழ். நகரத்தில் 14 வருடமாக இவற்றைத் திறந்து திருத்துகிறவன் நான். மேசையில் கண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: லண்டனிலிருந்து மாமா 2023 டிசம்பரில் வந்தபோது நின்டெண்டோ சுவிட்ச் வாங்கிவந்து தந்தார். கேமில் வரும் ஆளை நடக்கவைக்க, கையில் பிடிக்கும் கொன்ட்ரோலரில் விரலால் சாய்க்கும் ஸ்டிக் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் இடப்பக்க ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் தானாக நடக்கத் தொடங்கிவிட்டது. "கொம்பனி இதை ஒழுங்காகச் செய்யவில்லை" என்று சொன்னேன். கூட விளையாடும் பெடியளோ, "உண்மையான ரசிகன் இப்படிக் கதைக்கமாட்டான், நீதான் முரட்டுத்தனமாகப் பாவிச்சிருப்பாய்" என்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு நின்டெண்டோ என்றால் உயிர். நான் சொன்னது பிழையா?
(உயர்தர மாணவர், கோண்டாவில்)

பதில்: பிழையே இல்லை, தம்பி. நீங்கள் சொன்னதை இன்னும் விவரமாகச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

போன கிழமை இதே பழுதோடு ஒன்று என்னிடம் வந்தது. ரீவியில் இணைத்துவிட்டுக் கையை எடுத்தேன். கேமின் நாயகன் மரியோ இடப்பக்கச் சுவரில் முட்டி முட்டி நடந்துகொண்டே இருந்தார். திறந்தால் உள்ளே ஸ்டிக்கின் பகுதி தீப்பெட்டியில் பாதிகூட இல்லை. அதற்குள் கரிப்பூச்சுள்ள ஒரு தடம், அதன்மேல் உரசி ஓடும் மெல்லிய உலோக நாக்கு. நாக்கு எந்த இடத்தைத் தொடுகிறதோ அதற்கேற்ப மின்தடை மாறும். ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மெஷின் கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். பாவிக்கப் பாவிக்கப் பூச்சு தேய்கிறது, தூள் சேர்கிறது. பிறகு ஸ்டிக் நடுவில் நின்றாலும் கணக்கு நடுவில் நிற்பதில்லை. பஞ்சுக்குச்சியால் ஒருமுறை துடைத்தேன், நுனி பென்சில் கரி பட்டதுபோல் கறுத்துப்போனது. ஸ்டிக்கை அசைத்து விளையாடினாலே இந்தத் தேய்மானம் வரும், முரட்டுத்தனம் தேவையில்லை.

வேறு வழி இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. காந்தத்தை வைத்து, ஒன்றோடொன்று உரசாமலே திசையைக் கண்டுபிடிக்கும் ஸ்டிக்கை சேகா கொம்பனி 1998 இல் தன் ட்ரீம்காஸ்ட் கொன்சோலிலேயே போட்டிருந்தது.

இனி உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சுவிட்ச் வெளிவந்தது 2017 மார்ச்சில். ஸ்டிக் தானாக ஓடுகிறது என்ற முறைப்பாடுகள் பெருகி, 2019 இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2020 ஜூனில் நின்டெண்டோவின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் பாவனையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய பாவனையாளர் அமைப்புகளின் ஒன்றியம் கிட்டத்தட்ட 25,000 முறைப்பாடுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் கொடுத்தது. 2023 ஏப்ரலில், பிரித்தானியாவிலும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலும் வாங்கியவற்றுக்கு, உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் இந்தப் பழுதை இலவசமாகத் திருத்தித் தருவோம் என்று நின்டெண்டோ அறிவித்தது.

அந்த 25,000 பேரும் யார்? காசு கொடுத்து வாங்கி, ஆசையாய் விளையாடி, பழுதானதும் நாளும் விவரமும் எழுதி அனுப்பியவர்கள். அவர்களும் உங்களைப்போல ரசிகர்கள்தான். உங்களுடையது லண்டனில் வாங்கியது, ஆகவே அவர்கள் எழுதியதன் பலன் உங்களுக்கும் சேரும். அந்த அறிவிப்பு இப்போதும் நடைமுறையில் இருக்கிறதா என்று மாமாவை அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால், அங்கே போகும் யாரிடமாவது கொன்ட்ரோலரை மட்டும் கொடுத்துவிடுங்கள். அதற்குமுன் யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான்.

மைக்ரோசொஃப்ட்டின் கதையும் இதுபோலத்தான். அவர்களின் எக்ஸ்பொக்ஸ் 360 கொன்சோலில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் மெஷின் செத்தது என்று அர்த்தம். சூடாகிச் சூடாகி ஆறியதில் உள்ளே இணைப்புகள் விரிசல் விட்டன. முறைப்பாடு குவிந்த பிறகு, 2007 ஜூலையில் அந்தப் பழுதுக்கு உத்தரவாதத்தை மூன்று வருடமாக்கினார்கள். அதற்காக 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கினார்கள். வாங்கியவர்கள் "நம்ம கொம்பனியை நாமே குறை சொல்லலாமா" என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், ஒவ்வொருவரும் தன் காசில் இன்னொன்று வாங்கியிருப்பார்கள்.

சரி, எப்படிச் சொல்வது? "குப்பைச் சாமான்" என்று சொன்னால் கேட்கிறவருக்கு உங்கள் கோபம் மட்டும்தான் தெரியும். "2023 டிசம்பரில் வாங்கியது, 18 மாதத்தில் இடப்பக்க ஸ்டிக் தானாக இடப்பக்கம் போகிறது, செட்டிங்கில் ஸ்டிக்கின் அளவைத் திருத்திப் பார்த்தும் பழுது போகவில்லை, இலவசமாகத் திருத்தித் தரவேண்டும்" என்று எழுதினால் அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். நல்லதையும் மறைக்கவேண்டாம். கேம்கள் அருமை, ஸ்டிக் சரியில்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம். கேம் செய்த பிள்ளைகளைத் திட்டுவதும், மற்றக் கொம்பனிக்காரனின் மெஷின் வைத்திருக்கும் நண்பனோடு சண்டை பிடிப்பதும் வேண்டாம். இந்தச் சண்டையில் நட்பு முறிந்த பெடியளை என் கடை வாசலிலேயே கண்டிருக்கிறேன். மனதுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது.

கேள்வி: மகனுக்கு நகரத்துக் கடையொன்றில் புது பிளேஸ்டேஷன் வாங்கினோம். மூன்றாம் கிழமையே டிஸ்க்கை வாங்காமல் துப்புகிறது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. கடைக்காரர் "கொம்பனிப் பிழை, நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார். வெளிநாட்டுக் கொம்பனியோடு நாங்கள் எப்படிக் கதைப்பது?
(ஒரு தாய், சாவகச்சேரி)

பதில்: அக்கா, நீங்கள் கொம்பனியைத் தேடி அலையத் தேவையில்லை. உங்களுக்கு விற்றது கடை, காசு வாங்கியதும் கடை. விற்கும் பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்கவேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. விற்றவர் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் பொருந்தாவிட்டால் நீங்கள் சபையிடம் முறையிடலாம். உத்தரவாதம் எழுத்தில் இல்லாமல் விற்பனையிலேயே அடங்கியிருந்தாலும் முறையிடலாம். சபை விசாரித்து, மாற்றித் தரவோ காசைத் திருப்பவோ உத்தரவிட முடியும். ஆகவே பில்லின் அடியில் அச்சடித்த ஒரு வரியைப் பார்த்து மனந்தளராதீர்கள்.

நாள்தான் முக்கியம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். "இண்டைக்கு வாங்கோ, நாளைக்கு வாங்கோ" என்று இழுக்கும் கடையில் இந்த மூன்று மாதம் கரைந்துபோகும். முதலில் கடைக்கே ஒரு கடிதம் எழுதிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைத் துப்புவதைக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். பிறகு சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, எங்கே எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள்.

எனக்கும் ஒருமுறை பட்டது. இந்த வேலைக்கு வந்த புதிதில் "சீல் உடைக்காத புதுசு" என்று ஒரு மெஷின் வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் அடிப்பக்கத் திருகாணிகளின் தலையில் கீறல், மின்விசிறியின் இதழ்களில் சாம்பல் நிறத் தூசு. யாரோ பாவித்ததைத் துடைத்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். திரும்பிப் போனால், "எங்கட கடையில் வாங்கினதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்கள். விலை குறைத்துத் தருகிறோம் என்றதால் பில் வாங்காமல் வந்திருந்தேன். முழுக்காசும் போனது. பில் கேட்டால் கொடுக்கவேண்டியது விற்பவரின் கடமை. பில்லில் மெஷினின் தொடர் இலக்கம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கேமை டிஸ்க்காக வாங்குவதா, இணையத்தில் இறக்கும் டிஜிட்டலாக வாங்குவதா?
(பருத்தித்துறை வாசகர்)

பதில்: முடிந்தவரை டிஸ்க். எங்கள் ஊரில் ஒரு டிஸ்க் பத்து வீடு சுற்றும், அலுத்தால் விற்கலாம். 2013 இல் எக்ஸ்பொக்ஸ் வன் அறிமுகமானபோது, 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணையத்தோடு தொடுத்தே ஆகவேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றுவதிலும் கட்டுப்பாடு என்றார்கள். ரசிகர்கள் கொதித்ததில் அந்த ஜூன் 19 ஆம் திகதியே பின்வாங்கினார்கள். இன்று எங்கள் பெடியள் டிஸ்க் மாற்றிக்கொள்வது அந்தக் கொதிப்பின் பலன்தான்.

டிஜிட்டலில் காசு கொடுத்தாலும் கிடைப்பது பாவிக்கும் அனுமதி மட்டும்தான். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்ற சொல்லைப் போடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. பிளேஸ்டேஷன் கணக்கு இலங்கைக்கென்று இல்லாததால் நம்மவர்கள் வேறு நாட்டுக் கணக்கில் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில் சிக்கல் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால் டிஸ்க்கும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. யூபிசொஃப்ட் கொம்பனியின் "த க்ரூ" கேம் ஓட, இணையத்தில் கொம்பனி நடத்தும் கணினியான சேர்வர் தேவை. அந்தச் சேர்வரை 2024 மார்ச் 31 இல் நிறுத்தினார்கள். அதன் பிறகு டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியவில்லை. விற்ற கேமை இப்படிச் சாகடிக்கக்கூடாது என்று ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வாங்குமுன் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, இணையம் கட்டாயம் என்று போட்டிருக்கிறதா என்று வாசியுங்கள்.

கேள்வி: நான் கொன்சோல் விற்கிறேன். எல்லாப் பிழைக்கும் எங்களையே திட்டுகிறார்கள். கொம்பனி விட்ட பிழைக்கு நாங்கள் என்ன செய்வது?
(வர்த்தகர், யாழ்ப்பாணம்)

பதில்: திட்டுவது சரியில்லை, அதை மேலே தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் முறைப்பாட்டைத் திட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்கும்போது கடையிலேயே ஒரு ரீவியில் போட்டு 20 நிமிடம் ஓடவிடுங்கள். இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டு ஆள் அசையாமல் நிற்கிறதா என்று வாங்குகிறவர் கண்ணாலே பார்க்கட்டும். உத்தரவாதம் உங்களுடையதா கொம்பனியுடையதா, எத்தனை மாதம் என்று பில்லில் தமிழில் எழுதுங்கள். கஸ்தூரியார் வீதியில் ஒருவர் இப்படித்தான் செய்கிறார். அவர் விற்ற மெஷின் என்னிடம் வரும்போது, பில்லையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறார்கள்.